இருபத்தொன்றாம் படம்

பொதட்டூர்பேட்டை பஸ் திருத்தணியில் நின்றதும் சுலோச்சனா சாவு வீட்டுக்குப் போகவில்லை. நேராக அண்ணனின் கடைத் தெருப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"ஏம்மே, வூடு இந்தாண்ட கீது!" என்று பின்னாலிருந்து கத்தினார் பெருமாள். அவருடைய ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் கோடித்துணி. பெண்டாட்டியைப் பிடித்து நிறுத்தக் கை காலியில்லை. காலியாக இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

"எனுக்குத் தெரியும். நீ போய்க்கினே இரு, வரேன்."

மலைப் படிக்கட்டுக்குப் போகிற தெருவில், தேங்காய்க் கடைகளுக்கு நடுவில் இருந்தது பாலசுப்பிரமணியனின் கடை. சாமி படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டு விற்கிற கடை. பழைய போட்டோக்களுக்கு வண்ணம் தீட்டியும் கொடுப்பார். அவர் செத்து ஒரு ராத்திரி ஆகியிருந்தது. கடை பலகை போட்டுப் பூட்டிக் கிடந்தது. சுலோச்சனா மஞ்சள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் கண்ணை வைத்தாள். உள்ளே வள்ளியும் தெய்வானையும் வரிசை வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். அண்ணன் உட்காருகிற முக்காலி இருந்தது. முக்காலிக்கு மேலே, ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு ஆணி மட்டும் இருந்தது.

"எடுத்துட்டான், பாவி!" என்றாள். செத்துப்போன அண்ணனைப் பற்றி அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

பலகையில் முகத்தை வைத்து நின்றவளைப் பார்த்துப் பக்கத்துத் தேங்காய்க்கடை கெங்கம்மாளுக்கு மனசு கரைந்துவிட்டது. எழுந்து வந்து முதுகைத் தடவினாள். "அய்ய, அழுவாத தங்கச்சி. கடையப் பாத்தா தாங்கத்தான் மாட்டேங்குது. முந்தாநேத்துகூட அவுரு மவன் கஜபதி வந்து, நைனா கேக்கறாருன்னு அந்த மேல இருந்த சின்னப் படத்த எடுத்துகினு போச்சு."

"எங்க எடுத்துகினு போனான்?"

"வூட்டுக்குத்தான்."

அதற்கு மேல் சுலோச்சனா அங்கே நிற்கவில்லை.

அண்ணன் தங்கைக்குள் நாற்பத்திரண்டு வருஷப் பகை என்றால் நிலமா நகையா என்றுதான் ஊர் கேட்கும். இரண்டும் இல்லை. ஒரு அட்டைப் படம். வெற்றிலையில் பாதி அளவுகூட இருக்காது.

அவர்களுடைய நைனா மணவூர் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தார். கேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. பம்பாய் மெயிலில் முதல் வகுப்பில் போகிற துரைமார்கள் சிகரெட் டின்னை ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போவார்கள். தீவட்டி மார்க் சிகரெட் டின் ஒவ்வொன்றிலும் வண்ணத்தில் அச்சடித்த ஒரு படம் இருக்கும். ஐம்பது தேசத்து ஆண்களின் தலைகள். தலைக்குத் தலை வேறு தலைப்பாகை, வேறு குல்லா. பின்பக்கம் ஒன்று முதல் ஐம்பது வரை நம்பர். பன்னிரண்டு வயசு சுலோச்சனா தண்டவாளத்து ஓரமாகவே நடந்து நடந்து அவற்றைப் பொறுக்கினாள். இரண்டாவது வந்ததை எல்லாம் அரக்கோணம் கரி வண்டிக்காரர்களிடம் மாற்றினாள். ஸ்டேஷன் மாஸ்டர் மகன் சேர்த்துச் சலித்துப்போய்த் தூக்கிப் போட்ட ஆல்பத்தைக் கெஞ்சி வாங்கினாள். ஐம்பது படத்துக்கும் அதில் இடம் வெட்டியிருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் கீழே இங்கிலீஷில் பேர். ஸ்டேஷன் மாஸ்டரைப் படித்துச் சொல்லச் சொல்லி ஐம்பதையும் மனப்பாடம் பண்ணினாள். முப்பத்தாறு பர்மாக்காரன், முப்பத்தேழு கிரேக்கச் சிப்பாய், முப்பத்தெட்டு காபூல்வாலா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

இரண்டு வருஷத்தில் நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. இருபத்தொன்று மட்டும் இல்லை. இருபத்தொன்று மங்கோலிய ராஜா. ஆல்பத்தை முழுசாக நிரப்பி அனுப்பினால் ஒரு கிராமபோன் பெட்டி தருவதாகக் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவில் ஒருத்தருக்கும் அந்தப் பெட்டி வரவில்லை. ஒருத்தரிடமும் மங்கோலிய ராஜா இல்லை.

பொறுக்குவதில் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று நைனா ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். தண்டவாளத்துக்குத் தெற்கே விழுவது பெண்ணுக்கு, வடக்கே விழுவது பையனுக்கு. பாலசுப்பிரமணியனுக்குப் படத்தில் எல்லாம் ஆசை கிடையாது. டின்னின் அடியில் எப்போதாவது மிஞ்சுகிற ஒன்றிரண்டு சிகரெட்டில்தான் ஆசை. புளியமரத்துக்குப் பின்னால் அவன் புகை விட்டுக்கொண்டிருந்ததை ஒரு நாள் சுலோச்சனா பார்த்தாள். பார்த்ததை நைனாவிடம் சொன்னாள். நைனா கேட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு அறை விட்டார். பையனின் இடது காதில் ரத்தம் வந்தது. அந்தக் காது அத்தோடு போயிற்று.

பத்து நாள் கழித்துக் காதில் பஞ்சோடு அவள் எதிரில் வந்து நின்றான்.

"இருவத்தொண்ணு எனுக்குக் கெடச்சிடுச்சி."

"எங்க கெடச்சிது?"

"உன் பக்கத்துலதான் கெடந்துது. இன்னா செய்வ?"

என்ன செய்வாள்? அழுதாள். நைனாவிடம் சொன்னாள். ஒரு தரம் அடித்ததற்கே ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தவர் அவர். இந்தத் தடவை வாயையே திறக்கவில்லை. அண்ணனின் சட்டையைத் துவைத்துப் போட்டாள். தன் பங்குப் பணியாரத்தைக் கொடுத்தாள். அவன் பணியாரத்தைத் தின்றான். படத்தைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அவள் அதை அண்ணன் மூஞ்சிக்கு நேராகவே சொன்னாள். அவன் செவிட்டுக் காதைத் திருப்பிக்கொண்டான்.

பதினாறு வயசில் அவளைப் பொதட்டூர்பேட்டையில் நெசவுக்காரர் பெருமாளுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தகரப் பெட்டியில் நாலு சேலைக்கு அடியில் நாற்பத்தொன்பது தலைகளும் கூடவே போயின. அண்ணன் பட்டணத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நாலு வருஷம் வேலை கற்றுக்கொண்டு வந்து திருத்தணியில் கடை போட்டான். கடையில் அவன் போட்ட முதல் சட்டம் முருகனுக்கு இல்லை, மங்கோலிய ராஜாவுக்கு. நாலு பக்கமும் தங்கத்தாள் ஓரம், மேலே கண்ணாடி. கையெட்டாத உயரத்தில் ஆணி.

ஆடிக் கிருத்திகைக்கு வந்த சுலோச்சனா அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த ராஜாவைப் பார்த்தாள். உயரமான மஞ்சள் குல்லா. முகவாய் வரைக்கும் தொங்குகிற இரண்டு கோடு மீசை. மலை ஏறிச் சாமியைப் பார்த்தபோது கண்ணில் வராத தண்ணீர் அங்கே வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் வந்தாள். ஒவ்வொரு வருஷமும் அண்ணன் காபி வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு வருஷமும் அவள் கேட்டாள், அவர் இடது காதைக் காட்டினார். பெரிய மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராகப் பட்டுப்புடவை வேண்டாம், வெள்ளித்தட்டு வேண்டாம், அந்தப் படத்தைக் கொடு என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டாள். அவர் புடவையையும் தட்டையும் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அது வோணும்னா என் பொணத்துமேல வந்து எடுத்துக்கோ."

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வராமலா போகும்? அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. இன்றைக்கு மஞ்சள் பையில் ஆல்பத்தோடு வந்திருந்தாள்.

வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுப் பெஞ்சியில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டியிருந்தது. சுலோச்சனாவைக் கண்டதும் பெண்களின் அழுகை ஒரு கட்டை ஏறியது. அண்ணி ஜெயம்மாள் கையை நீட்டினாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். சாவு வீட்டில் கட்டிக்கொண்டு அழுகிற வழக்கத்தில் ஒரு வசதி உண்டு. அழுகிறவளின் கண் எங்கே பார்க்கிறது என்று எதிரில் இருப்பவளுக்குத் தெரியாது. அண்ணியின் தோளுக்கு மேலாகச் சுலோச்சனாவின் கண் நாலு சுவரையும் அலமாரியையும் சாமி மாடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எங்கும் இல்லை.

மேளக்காரர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த கஜபதியைப் போய்ப் பிடித்தாள். "எங்கடா அது?"

"எது அத்த?"

"எதுன்னு உனுக்குத் தெரியாது?"

இருபத்தாறு வயசுப் பிள்ளை தரையைப் பார்த்தான். "அப்பால பேசலாம் அத்த. நைனாவ எடுத்துடட்டும்."

எடுத்துடட்டும் என்கிறானே என்று யோசித்துக்கொண்டே வந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மாலைகள் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் குவிந்திருந்தன. யாரோ இன்னொரு மாலை போட வந்தபோது முதல் மாலை ஒதுங்கியது. வெள்ளைச் சட்டையின் பாக்கெட் தெரிந்தது. பாக்கெட்டுக்குள் நாலு மூலையும் கூர்மையாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொண்டு போகிறான்! சுடுகாட்டுக்குக் கொண்டு போகிறான். பொம்பளை அங்கே வர முடியாது என்று தெரிந்துதான் செய்திருக்கிறான். உசிரோடு இருந்தபோது ஆணியில் மாட்டி வைத்தவன், செத்த பிறகு நெருப்பில் மாட்டி வைக்கப் பார்க்கிறான். அந்த நிமிஷத்தில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தால் அறைந்திருப்பாள், மிச்சமிருந்த காதின்மேலேயே.

அந்தக் காதைத்தான் தேடினாள். வழக்கமாக அவர் திருப்பிக் காட்டுகிற இடது காதின் பக்கம் உட்கார்ந்திருந்தவள், எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் குனிந்தாள். தாடைக்கட்டுத் துணியை விரலால் கொஞ்சம் விலக்கினாள். வாயைக் காதோடு வைத்தாள்.

"அண்ணே, வந்துட்டேன். நீ சொன்னா மாதிரியே."

அவர் காதைத் திருப்பவில்லை. சுற்றி இருந்த பெண்கள் அந்தப் பாசத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள்.

மூன்று மணிக்குப் பாடை கட்டி முடிந்தது. வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பெண்களுக்கு அதுதான் கடைசி, அதற்கப்புறம் தூக்கிவிடுவார்கள். ஜெயம்மாள் போட்டாள். மருமகள்கள் போட்டார்கள். சுலோச்சனா பெருமாள் கையிலிருந்த கோடித்துணியை வாங்கி அண்ணன்மேல் போர்த்தினாள். முறத்திலிருந்து அரிசியை அள்ளி வலது கையால் வாயருகே கொண்டு போனாள். கோடித்துணிக்கு அடியில் இடது கை பாக்கெட்டுக்குள் போயிற்று. சட்டத்தைக் கழற்றிய அட்டையின் ஓரம் விரலில் பட்டது.

கஜபதி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேணாம் அத்த."

"உடுடா."

"உன் கால்ல விழறேன். சத்தியம் வாங்கிகினாரு. அத்தை கையில மட்டும் போவக் கூடாது, என்கூடவே எரிஞ்சிடணும்னு தலையில அடிச்சி சத்தியம் வாங்கிகினாரு."

"என் கையில மட்டும் போவக் கூடாதா?" சுலோச்சனாவின் குரல் பந்தலுக்கு வெளியே கேட்டது. மேளம் நின்றுவிட்டது. "கேட்டுக்கோங்க எல்லாரும். என் பக்கத்துல வுழுந்தத திருடி வெச்சிகினு நாப்பத்திரண்டு வருசம் கண்ணாடிக்குள்ள காட்டிக்காட்டி என்னை அழ வெச்சவன் இவன். என் பொண்ணு கல்யாணத்துல நாலு பேர் எதிர்ல சொன்னான், என் பொணத்துமேல வந்து எடுத்துக்கோன்னு. அவன் வாயால குடுத்தது. வந்துட்டேன், எடுத்துக்கறேன். அவன் வாணாம்னா எந்திரிச்சி சொல்லட்டும்!"

யாரோ ஒரு கிழவர் சிரித்துவிட்டார். உடனே இருமுவதுபோல மாற்றிக்கொண்டார். பெருமாள் மாலை கட்டியிருந்த நாரைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். பாடைக்காரர் நேரமாகிறது என்றார். கஜபதி பிடியை விடவில்லை, சுலோச்சனாவும் விடவில்லை. நடுவில் கிடந்தவர் மட்டும்தான் அமைதியாக இருந்தார்.

"குட்றா," என்றாள் ஜெயம்மாள்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. முப்பது வருஷம் அந்த வீட்டில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை என்றே சொல்லலாம். தலையை முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"நேத்து ராத்திரி உசுரு போறப்ப அவுரு கையப் புடிச்சிகினு உக்காந்திருந்தேன். என் பேர சொல்லல. உன் பேரயும் சொல்லலடா கஜபதி. 'படத்த பாக்கெட்ல வெச்சியா, வெச்சியா'ன்னுதான் கேட்டுகினே போனாரு. அவுரு கேட்டது அவுருக்குக் கெடச்சிட்டா, நான் கேட்டத யாரு குடுக்கறது? குட்றா அவ கையில."

கஜபதியின் விரல்கள் தளர்ந்தன. சுலோச்சனா அட்டையை உருவிக்கொண்டு, மறந்துபோகாமல் அரிசியையும் அண்ணன் வாயில் போட்டாள். மேளம் மறுபடி எழுந்தது. பாடை தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் அதைப் பார்க்கவேயில்லை. கையில் இருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல், நடுவில் அண்ணன் இல்லாமல், மங்கோலிய ராஜா அவள் உள்ளங்கையில் இருந்தான்.

கூடப் பிறந்தவள் மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிக்கிற வரைக்கும் இருக்க வேண்டும். இவள் தலைக்கு ஊற்றிக்கொள்ளக்கூட நிற்காமல் பஸ் ஏறினாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

"காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடலாம்," என்றாள் பெருமாளிடம். அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் ஆல்பத்தைத் திறந்தாள். இருபதாவது இடத்தில் பாரசீகன், இருபத்திரண்டாவது இடத்தில் சீன வியாபாரி. நடுவில் இருந்த வெற்றிடத்தில் ராஜாவைச் செருகிப் பார்த்தாள். போகவில்லை. சட்டம் போடுகிறவன் புத்தியால் அண்ணன் அந்தப் படத்தைத் தடித்த அட்டைமேல் பசை போட்டு ஒட்டியிருந்தார். தங்கத்தாள் ஓரமும் படத்தோடு சேர்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு தரம் அழுத்தினாள். ஆல்பத்தின் தாள் கிழிந்துவிடும்போல் இருந்தது.

பெருமாள் எட்டிப் பார்த்தார். "மைதாப் பசதானே. தண்ணில ஊற வெச்சா தானா உட்டுடும். கைய வெச்சி உரிக்காத."

"ஆங்."

"முழுசா சேந்துடுச்சி இல்ல, இப்ப?"

"சேந்துடும்," என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. ஆர்.கே.பேட்டை தாண்டும் வரைக்கும் அந்தச் சிரிப்பு அவள் உதட்டை விட்டுப் போகவில்லை. சுடுகாட்டில் இந்நேரம் கொள்ளி வைத்திருப்பார்கள். வெறும் பாக்கெட்டோடு எரியட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. பெருமாள் வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டார். சுலோச்சனா தீட்டோடு உள்ளே போனாள். தறிக்குழிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றி, அட்டையை முகம் மேலே இருக்கும்படி மெதுவாக அமிழ்த்தினாள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் பச்சையாக ஏதோ கசிந்தது. பூச்சி அரிக்காமல் இருக்கச் சட்டக்காரர்கள் பசையில் போடுகிற மயில்துத்தம். அது அவளுக்குத் தெரியும். தங்கத்தாள் ஓரம் சுருண்டு மிதந்தது. அதை எடுத்து அப்பால் போட்டாள். பிறகு தண்ணீரில் மஞ்சளாக ஒரு இழை பிரிந்தது.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த பெருமாள் தாம்பாளத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாகப் பாவுக்குச் சாயம் போடுகிறவர்.

"சாயம் எறங்குதே. கெட்டிச் சாயம் இல்ல இது. அச்சுல ஏறினது இப்படி எறங்காது. கைல பூசினது."

"பேசாம இருக்க மாட்ட?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார். மஞ்சள் குல்லாவின் உச்சி கரைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது தண்ணீரில் இறங்க இறங்க, அடியில் சிவப்பாக ஒன்று மேலே வந்தது. உயரமில்லாத, தட்டையான, குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லா. முகவாய் வரைக்கும் தொங்கிய இரண்டு மீசைகளும் கோடு கோடாக நகர்ந்து போயின. அவை இருந்த இடத்தில் கொழுத்த கன்னமும், அடர்த்தியாக முறுக்கிய மீசையும், ஒரு பக்கம் தூக்கிய புருவமும் தெரிந்தன. தங்கத்தாள் மறைத்திருந்த அடிவரிசையில் இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன.

அவளுக்கு எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஆளை அவள் நாற்பத்து நாலு வருஷமாக அறிவாள். எகிப்துக்காரன். முப்பத்துமூன்று. ஆல்பத்தில் அவன் இடத்தில் அவன் இருக்கிறான். முப்பத்துமூன்று அவளுக்கு இரண்டு கிடைத்தது. இரண்டாவதைக் கரி வண்டிக்காரரிடம் மாற்றுவதற்காக ஜன்னல் கட்டையில் வைத்திருந்தாள். நைனா அண்ணனை அறைந்த அந்த வாரம் அது காணாமல் போயிற்று. காற்றில் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பசை விட்டுப் படம் அட்டையிலிருந்து தானாகப் பிரிந்தது. எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் இரண்டு மூன்றுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அப்படியானால் இருபத்தொன்று? கிடைக்கவே இல்லை. அவள் பக்கத்திலும் விழவில்லை, அவர் பக்கத்திலும் விழவில்லை. காதில் பஞ்சோடு நின்ற பையன் ஒரு பொய் சொன்னான். அந்தப் பொய்க்குப் பட்டணத்தில் வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டு வந்து ஒரு குல்லாவும் மீசையும் போட்டான். அப்புறம் ஆணியிலிருந்து அதை இறக்க அவனுக்கு வழியில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஆடிக் கிருத்திகை கொடு கொடு என்று வந்து நின்றவளிடம் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. என்கூடவே எரிஞ்சிடணும் என்று மகன் தலையில் அடித்து ஏன் சத்தியம் வாங்கினான் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

ஜெயித்துவிட்டான் என்று தோன்றியது. கையை ஓங்க ஆள் இல்லை. தாம்பாளத்தை எத்தினால் தறிக்குழிக்குள்தான் விழும்.

"இன்னா அது? இருவத்தொண்ணு தானே?" என்று பெருமாள் மெதுவாகக் கேட்டார்.

"ஆங்," என்றாள் சுலோச்சனா. எழுந்து தாம்பாளத்துத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாள். படத்தைப் பழைய துண்டில் கவிழ்த்து வைத்தாள். பிறகுதான் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். நாலு குடம் ஊற்றினாள். பெருமாள் வந்து போதும் என்று சொல்கிற வரைக்கும் ஊற்றினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குத் திருத்தணியில் இருந்தார்கள். ஆண்கள் பால் செம்போடு சுடுகாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கஜபதி மொட்டைத் தலையோடு வந்து எதிரில் நின்றான். நேற்று அவன் விரல் பதிந்த இடம் அவள் மணிக்கட்டில் கன்றிப் போயிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"மன்னிச்சிக்கோ அத்த. சேந்துடுச்சா?"

பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று பந்தலில் இருந்தவர்களில் ஒருத்தி பாக்கியில்லாமல் இருந்தார்கள். சுலோச்சனா அவன் முகத்தைப் பார்த்தாள். புளியமரத்துக்குப் பின்னால் நின்றவனின் முகம்தான்; இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற முகம்.

"சேந்துடுச்சிடா. உங்க நைனா பத்திரமா வெச்சிருந்தாரு."

அவன் தலையாட்டிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போனான். ஜெயம்மாள் சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள். சுலோச்சனா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சமையலுக்கு வைத்திருந்த வாழைக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.

"எடுத்தாந்தியா?" என்று ஜெயம்மாள் கேட்டாள். "முப்பது வருசம் அது அடியிலயே நின்னு அவுருக்கு சோறு போட்டுகினு இருந்தேன். கைல வாங்கி ஒரு வாட்டி பாத்ததில்ல. காட்டேன்."

சுலோச்சனா நறுக்கிய காய்களைத் தண்ணீரில் போட்டாள்.

"ஈரம் காயல, அண்ணி."

அடுத்த காயை எடுத்துத் தோலைச் சீவினாள்.